ஓட்டுநரின் கவனமும் கைப்பேசியின் மணியும்

(விளக்கக் கட்டுரை)

நுழையும் முன்

வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துதல் குற்றம் என்பதை அறியாத ஓட்டுநர் எவரும் இலர். ஆயினும் அப்பழக்கம் சாலைகளிலிருந்து மறையவில்லை. அறிவுரையாலும் அபராதத்தாலும் முழுமையாகத் தடுக்க இயலாத இப்பழக்கத்தைத் தொழில்நுட்பத்தால் தடுக்க இயலுமா? இயலும் என்றால் எந்த அளவுக்கு? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

மூன்று நொடியில் அறுபது மீட்டர்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒவ்வொரு நொடியும் 20 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. அக்காரின் ஓட்டுநர் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைப் படிக்க மூன்று நொடிகள் கண்ணைத் தாழ்த்துகிறார் என்று கொள்வோம். அதற்குள் வண்டி 60 மீட்டர் முன்னேறியிருக்கும். பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டப்பந்தயம் நடைபெறும் தடத்தில் பாதிக்கும் மேற்பட்ட தொலைவு அது. அவ்வளவு தொலைவையும் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகும்.

வண்டி ஓட்டுவதற்குக் கண், கை, மனம் ஆகிய மூன்றும் ஒருங்கே இயங்க வேண்டும். கைப்பேசி இம்மூன்றையும் ஒரே நேரத்தில் திசைதிருப்புகிறது. காதில் ஒலிவாங்கியைப் பொருத்திக்கொண்டு பேசினால் கை விடுபட்டுவிடும். ஆகையால் ஆபத்தில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதைக் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் நிகழ்ந்த ஆய்வொன்று காட்டியது. விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை விபத்து நேர்ந்த நேரத்தோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். கைப்பேசியில் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்கிறது என்று 1997ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு கூறியது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்தில் வேறுபாடு காணப்படவில்லை. உலக நலவாழ்வு நிறுவனமும் இந்நான்கு மடங்கு என்னும் அளவையே தன் அறிக்கைகளில் எடுத்துரைக்கிறது.

அவ்வாறாயின், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதும் ஆபத்துதானே என்னும் ஐயம் எழலாம். இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. உடன் வருபவர் அதே சாலையைப் பார்க்கிறார். நெரிசல் மிகும்போதும் குழந்தையொன்று குறுக்கே ஓடும்போதும் அவர் தாமே பேச்சை நிறுத்துகிறார். சில வேளைகளில் ஓட்டுநரை எச்சரிக்கவும் செய்கிறார். தொலைவிலிருந்து அழைப்பவருக்குச் சாலை தெரியாது. அவர் தொடர்ந்து பேசுகிறார், விடையை எதிர்பார்க்கிறார்.

சட்டமும் அதன் எல்லையும்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அதற்கு முந்தைய ஆண்டான 2021இல் கைப்பேசிப் பயன்பாட்டால் நேர்ந்தவை என்று பதிவானவை 1,997 விபத்துகள். அவற்றில் 1,040 பேர் இறந்தனர். இது பதிவான எண்ணிக்கை மட்டுமே. விபத்துக்குப் பின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொள்ளும் ஓட்டுநர் அரியர்.

2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி அறிவதற்காக மட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று இசைவு அளிக்கிறது.

சட்டம் தெளிவாக உள்ளது. அதை நடைமுறைப்படுத்துவதே கடினம். நாற்சந்தியில் நிற்கும் காவலர் ஒரு காரின் உட்புறத்தை ஓரிரு நொடிகளே காண முடியும். காவலரைக் கண்டதும் கைப்பேசி மடியில் மறைந்துவிடும். இருளிலும் மழையிலும் அதுவும் தெரியாது. எனவேதான் அறிஞர்கள் தொழில்நுட்பத்தை நாடினர். அது மூன்று இடங்களில் குறுக்கிடுகிறது: கைப்பேசியினுள், வண்டியினுள், சாலையின்மேல்.

முதல் வழி: கைப்பேசியே அடங்கியிருத்தல்

கைப்பேசியில் உள்ள இடங்காட்டியும் அசைவை உணரும் உணரியும் அது எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதைக் கணக்கிடவல்லவை. மனிதர் நடக்கும் வேகத்தைவிட மிகுந்த வேகத்தில் நகர்ந்தால், கைப்பேசி வண்டியில் இருக்கிறது என்று பொருள். உடனே அது அறிவிப்புகளை நிறுத்திவைத்து, அழைத்தவருக்கு அல்லது செய்தி அனுப்பியவருக்கு, “வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், பிறகு தொடர்புகொள்வார்” என்று தானே விடையளிக்கலாம்.

ஆப்பிள் நிறுவனம் ஓட்டுநரின் கைப்பேசியைப் பூட்டிவைக்கும் முறைக்கு 2008ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 2014ஆம் ஆண்டு அதனைப் பெற்றது. ஆயினும், வண்டி ஓட்டும்போது தொந்தரவு செய்யாதிருக்கும் வசதி அதன் கைப்பேசிகளில் 2017ஆம் ஆண்டுதான் இடம்பெற்றது.

இந்தியாவின் இருசக்கர வண்டி ஓட்டுநர்களுக்காகச் சாம்சங் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஒரு வசதியை அறிமுகப்படுத்தியது. ஓட்டுநர் அவ்வசதியை இயக்கிவிட்டுப் புறப்பட்டால், அழைப்பவரின் காதில் பதிவுசெய்த குரல் ஒன்று ஒலிக்கும். ‘நீங்கள் அழைப்பவர் வண்டி ஓட்டுகிறார்; மிக அவசரம் என்றால் எண் ஒன்றை அழுத்துக’ என்பது அதன் கருத்து. அவசர அழைப்பாயினும் வண்டி நின்ற பிறகே ஓட்டுநரால் அதனை ஏற்க முடியும். அழைப்பு அவசரமானதா என்று முடிவு செய்யும் பொறுப்பை இக்கருவி அழைப்பவரிடமே ஒப்படைத்தது என்பது கருதத்தக்கது.

இவ்வழியில் ஒரு பெரும் சிக்கல் உண்டு. ஐம்பது பயணிகள் அமர்ந்துள்ள பேருந்தில் ஐம்பது கைப்பேசிகளும் ஒரே வேகத்தில் நகர்கின்றன. அவற்றுள் ஓட்டுநருடையது எது என்பதை வேகத்தைக்கொண்டு அறிய முடியாது. அனைத்தையும் முடக்கினால் குற்றமற்ற பயணிகள் இடர்ப்படுவர். ஆகவே, “நான் ஓட்டவில்லை” என்று பயனர் தெரிவித்தால் கைப்பேசி அதனை நம்பிப் பூட்டை விலக்கிக்கொள்கிறது. ஓட்டுநரும் அதனை அழுத்தலாம்; கைப்பேசியால் தடுக்க இயலாது.

இச்சிக்கலைத் தீர்க்க அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு ஓர் எளிய அறிவியல் உண்மையைப் பயன்படுத்தினர். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். காரின் இடப்புற, வலப்புற ஒலிபெருக்கிகளிலிருந்து காதுக்கு எளிதில் கேளாத நுண்ணொலிகளை எழுப்பினால், அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலி கைப்பேசியை முதலில் அடையும். தொலைவில் ஒரு மீட்டர் வேறுபாடு இருந்தால், காலத்தில் ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு வேறுபாடு இருக்கும். அவ்வேறுபாட்டைக் கைப்பேசி அளந்துவிடும். அதனைக்கொண்டு கைப்பேசி ஓட்டுநர் பக்கம் இருக்கிறதா, பயணி பக்கம் இருக்கிறதா என்று கூறலாம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட முறை அவர்களின் கணிப்பு சரியாக இருந்தது. இத்தகைய ஆய்வுகள் நிகழ்ந்தும், இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் பயனரின் சொல்லையே நம்புகின்றன.

அலைவரிசையையே தடைசெய்யும் கருவியை வண்டியில் பொருத்திவிடலாமே என்று சிலர் வினவுவர். அலைக்கு ஓட்டுநர், பயணி என்னும் பாகுபாடு தெரியாது. பக்கத்தில் செல்லும் அவசர ஊர்தியின் தொடர்பும் அதனால் துண்டிக்கப்படலாம். எனவேதான் இந்தியாவில் அரசின் இசைவின்றி அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

இரண்டாம் வழி: வண்டியே கவனித்தல்

ஓட்டுநரின் எதிரே சிறிய கேமரா ஒன்றைப் பொருத்தி, அவருடைய கண்ணும் தலையும் எத்திசையில் உள்ளன என்பதை வண்டியே கண்காணிப்பது இரண்டாம் வழி. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால் இக்கேமரா இரவிலும் இயங்கும். ஓட்டுநர் கைப்பேசியைப் பார்க்கிறாரா, பாட்டுப்பெட்டியைப் பார்க்கிறாரா என்பது இதற்குப் பொருட்டன்று. கண் சாலையை விட்டு நீண்ட நேரம் விலகினால் ஒலியெழுப்பி எச்சரிக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிதாக அறிமுகமாகும் வண்டி வகைகளில் இவ்வசதி கட்டாயமாக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டு ஜூலை முதல் விற்பனையாகும் புதிய வண்டிகள் அனைத்துக்கும் இது பொருந்தும் என்பது அதன் விதி. கேமரா திரட்டும் தகவல் வண்டியை விட்டு வெளியே செல்லக் கூடாது என்றும் அவ்விதி வரையறுக்கிறது. இந்தியாவிலும் போக்குவரத்து நிறுவனங்கள் சில தம் லாரிகளிலும் பேருந்துகளிலும் இத்தகைய கேமராக்களைப் பொருத்தி வருகின்றன.

புதிய வண்டி வாங்குவோருக்கே இப்பயன் கிட்டும் என்பது இதன் குறை. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய லாரியிலோ, கோடிக்கணக்கான இருசக்கர வண்டிகளிலோ இது இல்லை. இந்தியச் சாலைகளில் உயிரிழப்போருள் இருசக்கர வண்டியில் செல்வோரே மிகுதி என்பதை எண்ணும்போது இக்குறை பெரிதாகிறது.

மூன்றாம் வழி: சாலையே சான்றாதல்

சாலையோரத் தூணில் அமைந்த கேமராவால் வண்டியின் முன்கண்ணாடி வழியாக ஓட்டுநரைப் படமெடுப்பது மூன்றாம் வழி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் இத்திட்டத்தைத் தொடங்கியது. கைப்பேசியைக் கண்டறிவதற்கென்றே அமைந்த கேமராத் திட்டங்களுள் உலகில் இதுவே முதலாவது. அக்கேமராவை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர், தம் நண்பர் ஒருவரை இழந்தவர். அமெரிக்காவில் மிதிவண்டியில் சென்ற அந்நண்பர் மீது, போதையிலும் கவனச் சிதறலிலும் இருந்த ஓட்டுநர் ஒருவரின் கார் 2013ஆம் ஆண்டு மோதியது. அவ்விழப்பே தம்மை இம்முயற்சியில் ஈடுபடுத்தியது என்று அப்பொறியாளர் கூறியுள்ளார்.

இக்கேமரா பகலிலும் இரவிலும் எல்லா வண்டிகளையும் படமெடுக்கும். செயற்கை நுண்ணறிவு அப்படங்களை ஆராய்ந்து, கையில் கைப்பேசி இருப்பதாக ஐயம் எழுந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்கும். அவற்றை மனிதர் பார்த்து உறுதிசெய்த பிறகே அபராதம் விதிக்கப்படும். குற்றமற்றவர்களின் படங்கள் அழிக்கப்படும். 2019ஆம் ஆண்டின் சோதனைக் காலத்தில் 85 இலட்சம் வண்டிகளை ஆராய்ந்தபோது, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் கைப்பேசியோடு பிடிபட்டனர். ஏறத்தாழ எண்பது பேரில் ஒருவர் என்பது அக்கணக்கு. திட்டம் நடைமுறைக்கு வந்த பின் சில ஆண்டுகளில் அது பலநூறு பேரில் ஒருவர் என்னும் அளவுக்குக் குறைந்தது.

இந்தியாவில் கேரள மாநிலம் இவ்வகையில் முன்னோடியாகத் திகழ்கிறது. ‘பாதுகாப்பான கேரளம்’ என்னும் திட்டத்தின்கீழ் 726 கேமராக்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் 675 கேமராக்கள் செயற்கை நுண்ணறிவுடன் இயங்கி, தலைக்கவசம் அணியாமை, இருக்கைப் பட்டை அணியாமை, கைப்பேசிப் பயன்பாடு ஆகியவற்றைக் கண்டறிகின்றன. 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் முதல் அபராதம் விதிக்கும் பணி தொடங்கியது.

இவ்வழியிலும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி உண்டு. தவறு செய்த ஒருவரைக் கண்டறிய, தவறு செய்யாத பலரும் படமெடுக்கப்படுகின்றனர். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. எனவே படங்களை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தவறாக அபராதம் விதிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பனவற்றைத் தெளிவாக வரையறுத்த பிறகே இத்தகைய திட்டம் மக்களின் நம்பிக்கையைப் பெறும்.

கருவிகளால் எட்ட முடியாத இடம்

மூன்று வழிகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கைப்பேசியால் ஓட்டுநர் யார் என்று உறுதியாகக் கூற முடியவில்லை. வண்டியிலுள்ள கேமரா கண் விலகியதைக் காணும். மனம் விலகியதைக் காணாது. சாலைக் கேமரா தான் நிற்கும் இடத்தில் மட்டுமே காணும். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைப்பேசியைச் செருகிக்கொண்டு குறுஞ்சந்துகளில் செல்பவரை எக்கேமராவும் காண்பதில்லை.

மேலும், சிலருக்குக் கைப்பேசியே பிழைப்புக் கருவியாக உள்ளது. உணவுப்பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞருக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கும் அடுத்த வேலை கைப்பேசியின் மணியாகவே வருகிறது. சில நொடிகளுக்குள் ஏற்காவிட்டால் அவ்வேலை வேறொருவருக்குச் சென்றுவிடும். ஓடும் வண்டியில் கைப்பேசியைத் தொடாதே என்கிறது சட்டம். உடனே தொடு என்கிறது செயலி. இங்கே ஓட்டுநரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. வண்டி நிற்கும்போது மட்டும் வேலையைக் காட்டுமாறு செயலியை அமைக்கத் தேவையான அறிவு ஏற்கெனவே இருக்கிறது. வேகத்தை அறியும் உணரி அதே கைப்பேசியில்தானே உள்ளது.

வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநர்களின் நிலை வேறு. நாமக்கல்லிலிருந்து புறப்படும் லாரிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் பல நாள்கள், சில வேளைகளில் பல வாரங்கள், குடும்பத்தைப் பிரிந்திருக்கின்றனர். மனைவியின் குரலும் குழந்தையின் மழலையும் அவர்களுக்குக் கைப்பேசி வழியாகவே கிடைக்கின்றன. மணி ஒலித்ததும் எடுக்கத் தூண்டுவது அன்பே. தில்லியிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிதன்று. பணிக்குச் சென்ற தந்தை வீடு திரும்பச் சற்றுத் தாழ்ந்தால், “எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?” என்று வீட்டிலிருந்து அழைப்பு செல்கிறது. அந்நேரம் அவர் பெரும்பாலும் நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் நலமாக வந்து சேர வேண்டும் என்னும் கவலையே அவருடைய கவனத்தைக் கலைத்துவிடுகிறது.

இவ்விடத்தில் அழைப்பவர் செய்யக்கூடியது உண்டு. அழைப்பு எடுக்கப்பட்டதும் முதல் வினாவாக, “அப்பா, வண்டி ஓட்டுகிறீர்களா?” என்று கேட்கலாம். ஆம் என்றால், “நிறுத்திய பிறகு பேசுங்கள்” என்று கூறி உடனே அழைப்பைத் துண்டிக்கலாம். ஒருமுறை எடுக்கப்படாத அழைப்பை மீண்டும் மீண்டும் விடுக்காதிருக்கலாம். நெடுந்தொலைவு செல்பவரோடு, உணவுக்காக வண்டியை நிறுத்தும் நேரத்தில் பேசுவதென முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளலாம். புறப்படும் முன் அவருடைய கைப்பேசியில் தொந்தரவு செய்யாதிருக்கும் வசதியை இயக்கிக் கொடுப்பதற்குப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே நன்கு தெரியும்.

கேமராவும் உணரியும் நாளுக்கு நாள் மேம்பட்டு வருகின்றன. அவை எல்லா வண்டிகளையும் எட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை, ஓட்டுநர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறுமுனையில் இருப்பவர் நினைவில் கொள்ள வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

ஒருங்கே – ஒன்றாக, ஒரே நேரத்தில்
இசைவு – அனுமதி
நாற்சந்தி – நான்கு சாலைகள் கூடும் இடம்
உணரி – வேகம், ஒளி, வெப்பம் போன்றவற்றை அறியும் சிறு கருவி
காப்புரிமை – ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் பயன்படுத்தாதவாறு சட்டம் தரும் உரிமை
செயலி – கைப்பேசியில் குறிப்பிட்ட ஒரு பணியைச் செய்யும் மென்பொருள்
மழலை – குழந்தையின் தெளிவற்ற இனிய பேச்சு

பயிற்சி

1. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நான்கு நொடிகளில் எவ்வளவு தொலைவு செல்லும்? கணக்கிட்டு எழுதுக.
2. உடன் வருபவரோடு பேசுவதற்கும் கைப்பேசியில் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பேருந்தில் ஓட்டுநரின் கைப்பேசியை வேகத்தைக்கொண்டு அறிய முடியாதது ஏன்?
4. சாலைக் கேமராக்களால் விளையும் நன்மை ஒன்றையும், எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றையும் எழுதுக.
5. ‘ஓடும் வண்டியில் கைப்பேசியைத் தொடாதே என்கிறது சட்டம், உடனே தொடு என்கிறது செயலி.’ இத்தொடரை நான்கு வரிகளில் விளக்குக.
6. செயல்பாடு: உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவர் ஒருவரிடம், ஓட்டும்போது வரும் அழைப்புகள் பெரும்பாலும் யாரிடமிருந்து வருகின்றன என்று கேட்டறிந்து, ஐந்து வரிகளில் தமிழில் எழுதி வருக.